முரடரின் நெஞ்சில் ஒலித்த தாளம்

பலசாலி ஒருவனைக் கண்டால், அவனைப் பற்றி உள்ளதை உள்ளவாறு சொல்லி அமைதியடைய மனிதனின் நாவுக்கு இயல்வதில்லை. ஒரு மூடையைத் தூக்கியவன் ஊர் வாயில் விழுந்து மறுதெருவுக்குப் போகுமுன் ஒரு வண்டியைத் தூக்கியவனாகிவிடுகிறான். மாலைக்குள் வண்டியோடு மாட்டையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறான். கேட்பவர் எவரும் இதனைப் பொய் என்று வெகுண்டு எழுவதில்லை. பொய் என்று அறிந்தே கேட்கின்றனர், அறிந்தே சிரிக்கின்றனர். நம் அணியிலக்கண ஆசிரியர்கள் இதற்கு உயர்வு நவிற்சி எனப் பெயரிட்டு, அதனைக் குற்றமாகக் கொள்ளாது அழகாகக் கொண்டனர்.

இந்தக் கலையில் அமெரிக்க நாட்டவர் தனித் தேர்ச்சி பெற்றவர்கள். டேவி குரொக்கெற் என்னும் வேட்டைக்காரர் அந்நாட்டின் எல்லைப்புறக் காடுகளில் வாழ்ந்து, பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1836ஆம் ஆண்டு அலமோ கோட்டைப் போரில் உயிர் துறந்தார். அவர் பெயரால் 1835 முதல் 1856 வரை பஞ்சாங்கங்கள் வெளிவந்தன. அவற்றில் நாட்குறிப்போடு அவருடைய பராக்கிரமக் கதைகளும் இடம்பெற்றன. ஒரு கதையில், கடுங்குளிரினால் பூமியின் அச்சே உறைந்து சுழலாமல் நின்றுவிடுகிறது. குரொக்கெற் கரடி நெய்யைக் காய்ச்சி அச்சில் ஊற்றி உலகை மீண்டும் சுழல விட்டு, விடியலில் ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். மனிதர் இறந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் கதை நாயகர் வளர்ந்துகொண்டே இருந்தார்.

இருபத்தோராம் நூற்றாண்டிலும் அந்த மரபு அற்றுப்போகவில்லை. கராத்தே வீரரும் திரைப்பட நடிகருமான சக் நோரிஸ் 1972இல் புரூஸ் லீயுடன் உரோமாபுரியின் பழைய அரங்கில் மோதும் காட்சியில் நடித்தார். 1993 முதல் 2001 வரை தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் சட்டத்தைக் காக்கும் வீரராகத் தோன்றினார். 2005ஆம் ஆண்டளவில் அவரைப் பற்றிய ஒற்றை வரி வேடிக்கைகள் உலகெங்கும் பரவத் தொடங்கின. அவர் தண்டால் எடுக்கும்போது தம்மை உயர்த்துவதில்லை, பூமியைக் கீழே தள்ளுகிறார் என்பது அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. இந்த வகையில் கற்பனையை ஓடவிட்டால், அவருடைய இருதயத் துடிப்பைக் கேட்டே வாத்திய கோஷ்டியினர் தம் தாளத்தைத் திருத்திக்கொள்கின்றனர் என்றும், அவர் நெஞ்சில் காதை வைத்தவர் மத்தள வித்துவானாகிவிடுகிறார் என்றும் புனையலாம். கேட்போர் சிரிப்பர். ஆயினும் இந்த வேடிக்கையின் அடியில் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. அஃது யாதெனில், முரடர் எனப் பெயர்பெற்ற ஒருவரும், ஒரு பாட்டும், நின்றுபோன இருதயமும் ஓரிடத்தில் உண்மையாகவே சந்தித்தமையாகும்.

அதனை விளங்கிக்கொள்ள முன்னர் இருதயத்தின் சங்கீதத்தைச் சற்றே கவனித்தல் வேண்டும். மூடிய கையின் முட்டியளவான இந்த உறுப்பு, நிமிடத்துக்கு 70 தடவை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு ஒலிகள் எழுகின்றன. இருதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது எழுவது முதலாம் ஒலி. அது சற்றுத் தாழ்ந்து நீண்டிருக்கும். கீழறைகளிலிருந்து பெருங்குழாய்களுக்குச் செல்லும் வாயில்களின் வால்வுகள் மூடும்போது எழுவது இரண்டாம் ஒலி; அது குறுகிக் கூர்மையாக இருக்கும். இவ்விரண்டும் மாறி மாறி வருவதனாலேயே நெஞ்சில் தாளம் கேட்கிறது.

இந்தத் தாளத்தை வைத்தியர்கள் தெளிவாகக் கேட்க வழி செய்தவர் பிரெஞ்சு வைத்தியர் லயெனெக். 1816ஆம் ஆண்டு, உடல் பருத்த இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசிய அவர், காகிதத்தை இறுகச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். ஒலி முன்னினும் துலக்கமாக வந்தது. இன்று வைத்தியர்களின் கழுத்தில் தொங்கும் கருவியின் தொடக்கம் அதுவே. லயெனெக் புல்லாங்குழல் வாசிப்பவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. அவருக்குப் பின்வந்த வைத்தியர்களும் இருதய ஒலிகளைச் சங்கீதச் செவியோடு கேட்டனர். சில நோயாளரின் நெஞ்சில் இரண்டு ஒலிகளுக்குப் பதில் மூன்று ஒலிகள் கேட்பதுண்டு. அது குதிரை பாய்ந்து செல்லும் குளம்பொலியை ஒத்திருந்தமையால் அதற்குக் குதிரைப் பாய்ச்சல் தாளம் என்றே பெயர் வழங்கலாயிற்று.

தாளத்தைப் போடுபவர் யார்? 1906ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் மார்ட்டின் பிளாக் என்னும் மருத்துவ மாணவர், அகழெலி ஒன்றின் இருதயத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வலது மேலறையின் விளிம்பில் ஒரு சிறு திசுத் திரளைக் கண்டார். அவரும் ஆதர் கீத் என்னும் அறிஞரும் அடுத்த ஆண்டில் அதனை விவரித்து வெளியிட்டனர். இருதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கும் வேண்டிய மின்தூண்டல் பிறப்பது அந்தத் திரளிலேயாம். பயில்வானுக்கும் பச்சிளம் குழந்தைக்கும் தாளம் பிறக்கும் இடம் ஒன்றே. பயில்வானுடைய தசைகள் எவ்வளவு பெருத்தாலும் இந்தச் சிறு திரளுக்கு அவர் கட்டளையிட முடியாது.

சங்கீதக்காரரும் இருதயத்தை அளவுகோலாகக் கொண்டனர். ஜெர்மானியப் புல்லாங்குழல் வித்துவான் குவான்ற்ஸ் 1752இல் வெளியிட்ட நூலில், நல்ல உடல்நலமுள்ளவனின் நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 துடிப்பதாகக் கொண்டு, அதனை வைத்துப் பாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கலாம் என்றார். தாளம் காட்டும் கருவி பரவாத காலத்தில் கையிலேயே ஓர் அளவு கிடைத்தது. ஆயினும் இருதயம் கருவியைப் போல் அணுவும் பிசகாமல் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சிறிது விரைந்தும் வெளிவிடுகையில் சிறிது தணிந்தும் நடக்கிறது. இந்தச் சிறு நெகிழ்வு நோயன்று, நலத்தின் அடையாளமே. ஆகவே இரும்பு இருதயம், இயந்திரத் தாளம் என்று வீரனைப் புகழ்பவர், அறியாமலே அவனை நோயாளியாக்கிவிடுகின்றனர்.

இனி, முரடரிடம் வருவோம். வின்னி ஜோன்ஸ் 1965இல் பிறந்தவர். தொழில்முறை உதைபந்தாட்டத்துக்கு வருமுன் கட்டட வேலைத் தளங்களில் செங்கல் சுமந்தவர். இலண்டன் மாநகரின் விம்பிள்டன் கழகத்துக்கு அவர் ஆடிய காலத்தில் அந்த அணியைப் பைத்தியக்காரக் கூட்டம் என்றே பத்திரிகைகள் அழைத்தன. 1988ஆம் ஆண்டு எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் அந்தக் கூட்டம் பெரும்புகழ் லிவர்பூல் அணியை 1-0 என வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஜோன்சின் பெயரோ அவருடைய ஆட்டத் திறனைவிட முரட்டுத்தனத்துக்கே அதிகம் அறியப்பட்டது. 1992இல் செல்சி அணிக்கு ஆடிய ஓர் ஆட்டத்தில், பந்து உருளத் தொடங்கி 3 விநாடி ஆகுமுன் மத்தியஸ்தரிடம் எச்சரிக்கை அட்டை பெற்றார். உயர்வு நவிற்சியில் வல்ல எந்தப் புலவனும் இதற்குமேல் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டான். இதுவோ நடந்த செய்தி.

அதே 1992ஆம் ஆண்டில், உதைபந்தாட்டத்தின் முரடர்களைக் காட்டும் ஒளிநாடா ஒன்றில் அவர் தோன்றி விளக்கமளித்தார். ஆட்டத்தின் நற்பெயரைக் கெடுத்தார் எனக் கண்ட இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அவருக்கு 20,000 பவுண் தண்டம் விதித்தது. ஆறு மாத ஆட்டத் தடையும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. பின்னர் அவர் 1998 முதல் திரைப்படங்களில் அடியாள், கொலையாளி முதலிய வேடங்களில் தோன்றினார். முகத்தைக் கண்ட அளவிலே கூட்டம் வழிவிடும் பாத்திரங்கள் அவருக்கே காத்திருந்தன.

அந்த ஒளிநாடா வெளிவந்து 20 ஆண்டுகள் சென்றன. 2012ஆம் ஆண்டு ஜனவரியில், பிரித்தானியாவில் இருதய நலத்துக்கென இயங்கும் தரும நிறுவனமாகிய பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேசன், தொலைக்காட்சியில் ஒரு சிறு விளம்பரம் வெளியிட்டது. அதிலே வின்னி ஜோன்ஸ் தமது பழைய முரட்டுத் தோரணையிலேயே தோன்றினார். ஆனால் இம்முறை அவர் கற்பித்தது எதிரியை வீழ்த்தும் வித்தையன்று. வீழ்ந்தவனை எழுப்பும் வித்தை. மூச்சற்று விழுந்தவனைக் கண்டால் முதலில் அவசர உதவிக்கு அழைக்கவேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும் என அஞ்சவேண்டியதில்லை. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து வலுவாகவும் விரைவாகவும் அமுக்கவேண்டும். தாளம் தெரியாவிட்டால் பீ ஜீஸ் சகோதரர்களின் ஸ்டேயிங் அலைவ் என்ற பாட்டின் தாளத்தைப் பற்றிக்கொள்ளவேண்டும். இவ்வளவே பாடம். நோயாளியின் நெஞ்சிலே ஒலிக்கவேண்டிய தாளத்தை முரடரின் கைகள் வெளியிலிருந்து போட்டன.

வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பாடத்தின் பின்னே ஆழ்ந்த விஞ்ஞானம் உண்டு. இருதயம் திடீரென நின்றவுடன் மூளைக்கு இரத்தம் போவதும் நின்றுவிடுகிறது. சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்குகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 வீதம் குறைக்கிறது என்பது வைத்தியர் கணக்கு. முற்காலத்தில் நின்ற இருதயத்தைப் பிசைய வேண்டுமானால் நெஞ்சைப் பிளந்து கையை உள்ளே விடவேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில் கூவன்ஹோவன் என்னும் முதிய மின்பொறியியலாளரும் அவருடைய துணைவர்களும் நாய்களின் இருதயங்களை மின்னதிர்ச்சியால் திருத்தும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தனர். அவர்களுள் இளையவரான நிக்கர்பொக்கர், மின்தகடுகளை நாயின் மார்பில் வலுவாக அழுத்தியபோதெல்லாம், மின்சாரம் பாயுமுன்னரே அதன் இரத்த அழுத்தம் உயர்வதைக் கவனித்தார். வெளியிலிருந்து அமுக்கினாலே இரத்தம் ஓடுகிறது என்பது அப்போது புலப்பட்டது. கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் மூவரும் 1960இல் இந்த முறையை வெளியிட்டனர். உயிர் காக்க இரு கைகள் போதும் என்னும் நிலை அதனால் வந்தது.

கைகள் போதுமாயினும், அவற்றை எந்த வேகத்தில் இயக்குவது? நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கவேண்டும் என்பது வைத்தியர்களின் வழிகாட்டல். தன் தந்தையோ அயலவரோ நிலத்தில் கிடக்க, நடுங்கும் கையோடு முழந்தாளிட்டிருப்பவன் கடிகாரத்தைப் பார்த்து 100 என எண்ண முடியுமா? பயந்தவன் கை தாமதிக்கும். பதறியவன் கை தறிகெட்டு ஓடும். அங்கே தான் பாட்டு துணைக்கு வருகிறது. எண்ணத் தெரியாத நேரத்திலும் மனிதன் தெரிந்த பாட்டை மறப்பதில்லை.

குறித்த பாட்டு 1977இல் சாட்டர்டே நைட் பீவர் என்ற திரைப்படத்துக்காகப் பதிவாயிற்று. அதன் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 103. பிறந்த கதையும் விந்தையானது. பிரான்சிலுள்ள ஒரு பழைய மாளிகையில் பதிவு நடந்துகொண்டிருந்த வேளையில், மேளம் வாசிப்பவர் குடும்பத் துயரம் காரணமாக ஊர் செல்ல நேர்ந்தது. அவர் முன்னர் மற்றொரு பாட்டுக்கு வாசித்திருந்த இரண்டு தாளக்கட்டுகளை ஒலிநாடாவிலிருந்து வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி, முடிவின்றிச் சுழலும் வளையமாக்கினர். அதன்மேலேயே பாட்டு முழுவதும் அமைந்தது. இல்லாத மேளகாரருக்கு வளையம் என்னும் பொருள்பட ஒரு கற்பனைப் பெயரும் சூட்டினர். இவ்வாறு, வாசிப்பவரின்றியே தளராமல் ஒலித்த தாளம், துடிக்க மறந்த இருதயங்களுக்கு வழிகாட்டியாயிற்று. பாட்டின் பெயருக்கு உயிரோடிருத்தல் என்பது பொருளாக அமைந்ததும் நற்பேறே.

இது வெறும் ஊகமன்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் வைத்தியர்களும் மாணவர்களுமாக 15 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாட்டைக் கேட்டவாறு மனித உருவப் பொம்மைகளை அமுக்கியபோது அவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 109. ஐந்து வாரங்களின் பின்னர், பாட்டு ஒலிக்காமல், அதனை மனத்தில் நினைத்துக்கொண்டே அமுக்கியபோது 113. செவியில் ஒலித்த தாளம் நினைவில் தங்கிவிட்டது. இதே வேகத்தில் அமைந்த பாட்டு வேறும் உண்டு. குயீன் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஒரு பாட்டும் இதற்குப் பொருந்தும். ஆனால் அதன் பெயருக்கு இன்னொருவனும் மண்ணைக் கவ்வினான் என்பது பொருள். தாளம் எவ்வளவு சரியாயிருப்பினும் மூச்சற்றவனின் பக்கத்தில் முழந்தாளிட்டு நினைக்கத் தக்க பாட்டு அஃதன்று.

எனினும் பாட்டையே முழு வைத்தியமாகக் கொள்ளலாகாது. இங்கிலாந்துச் சிறுவர்கள் விரும்பும் யானைப் பாட்டு ஒன்றைக் கொண்டு அங்கேயே ஆராய்ச்சியாளர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. பாட்டினால் வேகம் சீரடைந்தது உண்மை. ஆனால் போதிய ஆழத்துக்கு அமுக்காதவர்களின் தொகையும் கூடியது. தாளத்தில் மனம் லயித்தவர்கள் வலுவை மறந்தனர். வளர்ந்தவருக்கு நெஞ்சு 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை தாழவேண்டும். ஒவ்வொரு தடவையும் கையைத் தளர்த்தி நெஞ்சு முழுமையாக மேலெழ விடவேண்டும். மேலெழும்போதே இருதயத்தில் இரத்தம் நிறைகிறது. ஆகவே பாட்டு வேகத்தைக் கொடுக்கும். வலுவைக் கொடுக்கவேண்டியவன் அமுக்குபவனே. விளம்பரத்துக்கு முரடர் ஒருவரைத் தேர்ந்தமைக்கும் இதுவே நல்ல நியாயம். மென்மையாகத் தடவுவதால் இருதயம் எழாது என்பதை அவர் முகமே சொல்லிவிடுகிறது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என அஞ்சுவோர் பலர். சில வேளை முறிவதுண்டு. முறிந்த எலும்பு பின்னர் கூடும், நின்றுபோன மூளை கூடாது.

இவற்றைச் சுருங்கக் கூறின்: ஒருவர் விழுந்து, அழைத்தும் தட்டியும் அசையாமலும், வழக்கம்போல் மூச்சு விடாமலும் இருந்தால், இருதயம் நின்றதாகவே கொள்ளவேண்டும். இடையிடையே எழும் விக்கல் போன்ற திணறலை மூச்சு எனக் கருதி ஏமாறலாகாது. உடனே அவசர நோயாளர் வண்டியை அழைப்பிக்க வேண்டும். இலங்கையில் அதற்குரிய தொலைபேசி எண் 1990. பின்னர் அவரைத் தட்டையான நிலத்தில் மல்லாக்கக் கிடத்தி, ஒரு கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் நடுவில் வைத்து, மறுகையை அதன்மேல் பொருத்தி, முழங்கை மடங்காமல், உதவி வரும்வரை அமுக்கவேண்டும். களைப்படைந்தால் மற்றொருவரிடம் கைமாற்றலாம். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சூட்டுதலும் இன்றியமையாதது. அதனைப் பயிற்சி பெற்றோரிடம் நேரில் கற்றுக்கொள்ளுதல் நன்று.

அந்த விளம்பரத்தைப் பார்த்துக் கற்ற முறையால் உயிர் காத்ததாகப் பலர் பின்னர் அந்த நிறுவனத்துக்கு அறிவித்தனர். முரடரைப் பற்றிய மிகைக் கதைகளுள் இப்படி ஒன்றேனும் மெய்யாயிற்று; அவர் பெயரைக் கேட்டு நின்ற இருதயமும் ஓடத் தொடங்கியது எனலாம்.

ஆயினும் மிகைக் கதைகளில் ஒரு சிறு நஞ்சும் உண்டு. வீரனுக்கு நோவில்லை, ஆண்மகன் நெஞ்சுவலிக்கு அஞ்சான் என்னும் பேச்சு சிரிப்போடு நிற்பதில்லை. நெஞ்சை இறுக்கும் வலி இடது தோளுக்கும் தாடைக்கும் பரவ, வியர்த்து விறுவிறுக்கும் வேளையிலும், இது வாயுக் கோளாறு, நாளை சரியாகிவிடும் எனப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து மாண்டவர்கள் எத்தனை பேர்! தம் உறுதியைத் தாமே நம்பிய குரொக்கெற்றுகள் ஊருக்கு ஊர் இருந்தனர். அவர்கள் வீட்டாரும் அந்தக் கதையை நம்பியே வைத்தியரை அழைக்கத் தாமதித்தனர். தாளம் பிறக்கும் அந்தச் சிறு திரள் எவர் புகழையும் கேட்பதில்லை. ஆகவே வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், அவர் எத்தனை பெரிய பலசாலியாயினும், அந்தச் சொல்லை மட்டும் உயர்வு நவிற்சியாகக் கொண்டு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமையாகும்.